நீலத் தொட்டியில் ஊறிய பாட்டில்கள்

“டீச்சர், கண்ணால பார்த்த சாட்சிங்க ஏகப்பட்ட பேர் இருக்காங்க. ஆனா ஒருத்தராவது வாயைத் திறந்து பேசுவாங்கன்னு எனக்கு நம்பிக்கை இல்லை,” என்றான் ரேடியோ.

கூடத்தின் இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். முயல்கள், கினிப் பன்றிகள், உள்ளங்கையில் அடங்கும் ஹாம்ஸ்டர்கள். எல்லாம் மெல்வதை நிறுத்தாமல் வந்தவர்களைப் பார்த்தன.

“நீ மூச்சு விட்டாத்தானே அதுங்க பேசறதுக்கு?” என்றாள் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவள். வேலையை விட்டுத் துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ரேடியோ அவளுடைய உதவியாளன். முன்பு இன்ஷூரன்ஸ் பாலிசி விற்றவன். வாசல் கதவைச் சாத்தினால் ஜன்னல் வழியாகப் பேச்சைத் தொடர்கிற ரகம்.

அவர்களை வரவழைத்த அச்சகக்காரர் கூண்டுகளுக்கு நடுவில் நின்றார். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

“சாயந்திரம் இன்ஸ்பெக்டர் வரேன்னு சொல்லியிருக்கார். என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போகத்தான். என் கூடப் பிறந்த தம்பியே எழுதிக் கொடுத்துட்டான், அண்ணிதான் என் பெண்டாட்டியைக் கொல்லப் பார்த்தாங்கன்னு.”

“நடந்ததை முதல்லேர்ந்து சொல்லுங்க.”

அவர் சொன்னார். அண்ணன் தம்பி இருவரும் ஒரே வீடு, ஒரே அச்சகம். மனைவிமார் இருவரும் சேர்ந்து கீழே இந்த விடுதியை நடத்தினார்கள். ஊருக்குப் போகிறவர்கள் தங்கள் முயலையும் எலியையும் இங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நேற்று மதியம் இளையவள் பாட்டில் கழுவும் அறைக்குள் மூச்சுத் திணறி விழுந்தாள். மூத்தவள்தான் இழுத்து வெளியே போட்டாள். இளையவளுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் மாட்டிக் கிடக்கிறாள். பேச்சு இல்லை. வீட்டில் அந்த நேரத்தில் மூத்தவளைத் தவிர வேறு யாரும் இல்லை.

“தொட்டியில வினிகரும் ப்ளீச்சும் கலந்திருந்ததாம். ரெண்டும் சேர்ந்தா விஷப் புகை வருமாமே?”

“வரும். குளோரின். தனித்தனியா ரெண்டும் சாது. ஒண்ணா ஒரு பாத்திரத்துல விட்டா ஆளையே சாய்ச்சிடும்,” என்றாள் டீச்சர்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்க மாதிரி,” என்றார் அச்சகக்காரர். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

ரேடியோ இடப்பக்க வரிசைக்கும் வலப்பக்க வரிசைக்கும் நடுவே தரையில் ஒட்டியிருந்த சிவப்பு டேப்பைக் காட்டினான். “இது என்னங்க, எல்லைக் கோடா?”

“இடது பக்கம் என் சம்சாரத்தோடது. வலது பக்கம் தம்பி சம்சாரத்தோடது. நீலத் தொட்டி இவளுக்கு, பச்சைத் தொட்டி அவளுக்கு. இவ வினிகர்தான் போடுவா, அவ ப்ளீச்தான் போடுவா. பேச்சு நின்னு ஒரு வருஷமாச்சு.”

“எதனால?”

“ஒரு முயலுக்கு வயித்துப்போக்கு. கூட்டிட்டுப் போக வந்தவங்க முன்னாடியே, ‘அக்கா பாட்டில்ல பாசி பிடிச்சிருக்கு, ரப்பர் வளையத்துக்கு அடியில பாருங்க’ன்னு சின்னவ சொல்லிட்டா. பொய்யில்லை, உண்மைதான். ஆனா நாலு பேர் முன்னாடி சொன்னது இவளுக்குப் பொறுக்கலை.”

“ஒரு வருஷமா ஒரே கூடத்துல வேலை செய்யறாங்க. வாயே திறக்காமலா?” என்றான் ரேடியோ. “எனக்கெல்லாம் அரை நாள்லயே உயிர் போயிடும்.”

அச்சகக்காரர் எல்லைக் கோட்டின் மேலேயே வைக்கப்பட்டிருந்த ஒரு கூண்டைக் காட்டினார். உள்ளே கிழட்டுக் கினிப் பன்றி ஒன்று, காது மடிந்து, யாரையும் சட்டை செய்யாமல் படுத்திருந்தது.

“இவர் ஜட்ஜ். யாரோ விட்டுட்டுப் போய்த் திரும்பி வரவே இல்லை. ரெண்டு பேரும் இவர்கிட்டதான் பேசுவாங்க. ‘வைக்கோல் தீர்ந்து போச்சுன்னு உங்க பெரியம்மாகிட்ட சொல்லுங்க ஜட்ஜய்யா’ம்பா சின்னவ. இவளுக்கு மறுப்பு இருந்தா, ஜட்ஜைப் பார்த்துத் திருப்பிச் சொல்லுவா. ஒண்ணும் சொல்லலைன்னா சரின்னு அர்த்தம். அப்படியே வண்டி ஓடிட்டிருந்தது.”

“வாய்தா கொடுக்காத ஜட்ஜை இப்பத்தான் பார்க்கறேன்,” என்றான் ரேடியோ. டீச்சர் அதற்குள் கழுவும் அறையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தாள்.

சின்ன அறை. ஒரு கல் மேடை, ஒரு குழாய், கொல்லைப்பக்கம் பார்த்த ஒரே ஜன்னல். ஜன்னல் இப்போது அகலத் திறந்திருந்தும் நீச்சல் குளத்தின் நெடி போகவில்லை. போலீஸ் நீலத் தொட்டியிலிருந்த திரவத்தை எடுத்துக்கொண்டு மற்றதை அப்படியே விட்டுப் போயிருந்தது.

“நேத்து இந்த ஜன்னல்?”

“சாத்தியிருந்தது. கதவும் சாத்தியிருந்தது. தம்பி அதைத்தான் பிடிச்சுக்கிட்டுத் தொங்கறான். வீசிங் இருக்கிறவ, எப்பவும் எல்லாத்தையும் திறந்து போட்டுத்தான் வேலை செய்வா. அவளே எப்படிச் சாத்துவா, அண்ணிதான் வெளியிலேர்ந்து சாத்தியிருக்கணும்கிறான்.”

“ஜன்னல் கொக்கி உள்பக்கம்தானே இருக்கு?” என்றாள் டீச்சர். “கதவுக்கு வெளியில தாழ்ப்பாளே இல்லை. சாத்தினது உள்ளே இருந்தவங்கதான். ஏன் சாத்தினாங்கங்கிறதுதான் கேள்வி.”

அவள் நீலத் தொட்டிக்குள் பார்த்தாள். கூண்டில் தலைகீழாக மாட்டும் பாட்டில்கள். ஒவ்வொன்றின் மூடியிலிருந்தும் ஒரு எஃகுக் குழாய் நீளும். குழாயின் நுனியில் ஒரு குட்டி உருண்டை. முயல் நாக்கால் தள்ளினால் உருண்டை நகர்ந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வரும். ஒரு குழாய்க்குள் மெல்லிய பிரஷ் பாதி நுழைந்து நின்றிருந்தது. பச்சைப் பிடி.

“பச்சைன்னா சின்னம்மா கட்சி. நீலத்துக்குள்ள பச்சை. கட்சித் தாவலா, டீச்சர்?”

“மேடையைப் பார்.”

மேடை மேல் மடித்த துண்டு. துண்டின் மேல் மூடிகளிலிருந்து கழற்றிய ரப்பர் வளையங்கள், பெரியது சிறியது என்று வரிசையாக. பக்கத்தில் ஒரு ஹேர்பின்னும் டீஸ்பூனும். ஸ்பூனில் வெள்ளையாய்க் காய்ந்த தடம். ஸ்பூனுக்குப் பக்கத்தில் நசுங்கிய தைல டப்பா ஒன்று.

டீச்சர் தைல டப்பாவை எடுத்துப் பார்த்தாள். “சளி பிடிச்சிருந்ததா அவங்களுக்கு?”

“ஒரு வாரமா மூக்கடைப்பு. சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னே தெரியலைன்னு தம்பிகிட்டச் சொல்லிட்டிருந்தா.”

“அப்ப வினிகர் நெடியும் தெரிஞ்சிருக்காது,” என்றான் ரேடியோ. முதல் முறையாக அவன் குரலில் கிண்டல் இல்லை.

டீச்சர் தைல டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தாள். அளந்து ஊற்ற ஸ்பூன் கொண்டு வந்தவள். வளையங்களை வரிசை மாறாமல் அடுக்கியவள். அப்படிப்பட்டவள் என்னவென்று தெரியாத தொட்டியில் ப்ளீச்சை விடுவாளா? அந்த இடம் உறுத்தியது. வகுப்பில் சரியான விடையைத் தவறான வழியில் போட்டு வைத்திருக்கும் பையனின் தாளைத் திருத்தும்போது வருமே, அந்த உறுத்தல்.

மூத்தவள் மாடிப் படிக்குக் கீழே முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கணவர் அறிமுகம் செய்தபோது எழுந்திருக்கவில்லை. கண் வீங்கியிருந்தது. அழுகையா, நேற்றையப் புகையா என்று சொல்ல முடியாது.

“நான் ஒண்ணும் பண்ணலை,” என்றாள்.

“நான் அதைக் கேக்கலைங்க. ஒரு சின்ன ஒத்தாசை. உங்க பாட்டில் ஒண்ணு கொடுங்க, காஞ்சது.”

இடப்பக்க அலமாரியிலிருந்து அச்சகக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை மூத்தவள் மடியில் வைத்தாள்.

“எனக்கு முயல் வளர்க்கத் தெரியாது. எப்படிக் கழுவறதுன்னு காட்டுங்க.”

தொழிலைப் பற்றிக் கேட்டால் எவ்வளவு துக்கத்திலும் கை தானாக நகரும். மூத்தவள் உள்ளங்கையால் அழுத்தி மூடியைத் திருகினாள். “மத்தியானம் பிரிச்சு வெறும் தண்ணியில ஊறப் போடுவேன். சாயந்திரம் வினிகர் விடுவேன். எங்க தண்ணி உப்புத் தண்ணி, குழாய்ல வெள்ளையாப் படியும், வினிகர்தான் அதைக் கரைக்கும். அப்புறம் நெடி போறவரைக்கும் நல்ல தண்ணியில அலசுவேன். நெடி இருந்தா அதுங்க குடிக்காது. மாட்டறதுக்கு முன்னாடி உருண்டையை விரலால தட்டிப் பார்க்கணும். அது சிக்கிக்கிட்டா, பாட்டில் நிறையத் தண்ணி இருந்தும் முயல் நாக்கு வறண்டு செத்துப் போகும்.”

“இந்த ரப்பர் வளையம்?”

மூத்தவள் கை நின்றது.

“எடுத்துக் காட்டுங்களேன்.”

அவள் கட்டைவிரல் நகத்தை வளையத்துக்கு அடியில் கொடுத்து நெம்பப் பார்த்தாள். விரலின் கணு வீங்கியிருந்தது. மடங்கவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். பாட்டில் மடியிலிருந்து உருண்டு விழுந்தது.

“உனக்கு விரல் இப்படி இருக்கறது எனக்கே தெரியாதேடி,” என்றார் அச்சகக்காரர்.

“தெரிஞ்சு என்ன பண்ணியிருப்பீங்க? சின்னவகிட்ட போய், பாவம் அவளுக்கு முடியலைன்னு சொல்லியிருப்பீங்க. அதுக்குத்தான் சொல்லலை.”

“அப்ப இந்த ஒரு வருஷமா வளையத்தை நீங்க கழற்றினதே இல்லை?” என்றாள் டீச்சர்.

“இல்லை. ஆனா அதுக்கப்புறம் பாசியே பிடிக்கலை. வினிகரைக் கொஞ்சம் கூட்டினேன், அதனாலதான்.”

டீச்சர் தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். கீழே விழுந்த பாட்டிலின் மூடியை எடுத்து, வளையத்தை நெம்பி வெளியே எடுத்தாள். அடியில் பாசித் தடம்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது. வளையத்தின் உட்புறத்தில் கூரான ஏதோ பட்டு ஏற்பட்ட மெல்லிய கீறல்கள். ஒன்றல்ல, பல. பழையதும் புதியதுமாக.

“ரேடியோ, மேடையில என்ன இருந்தது?”

“ஹேர்பின்,” என்றான் அவன். பிறகு மெதுவாக, “ஐயோ,” என்றான்.

இன்ஸ்பெக்டர் வந்தபோது வெயில் கூடத்தின் பாதியைக் கடந்திருந்தது. உட்காரச் சொன்னதற்கு முயல் முடி ஒட்டும் என்று நின்றுகொண்டார்.

“சுருக்கமா சொல்லுங்க டீச்சர். நான் இந்தம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்.”

“கூட்டிட்டுப் போறதுக்கு ஒண்ணும் இல்லை சார். வினிகரை விட்டது இவங்க. ப்ளீச்சை விட்டது அந்தப் பொண்ணேதான். ஸ்பூன், பிரஷ், ஹேர்பின் எல்லாம் அவளோடது.”

“இவங்க தொட்டியில அவங்க ஏன் கை வைக்கணும்? கெடுக்கிறதுக்கா?”

“கெடுக்க வந்தவ வளையத்தைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவாளா? மூத்தவங்க விரல் மடங்காதது புருஷனுக்கே தெரியலை. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. தினமும் பக்கத்துல நின்னு பார்க்கிறவளாச்சே. நாலு பேர் முன்னாடி வாய் தவறிச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்க வழியில்லை. பேச்சுதான் இல்லையே. அதனால மத்தியானம் இவங்க கண் அசர்ற நேரத்துல உள்ள வந்து, கதவைச் சாத்திக்கிட்டு, ஜன்னலையும் சாத்திக்கிட்டு, இவங்க பாட்டிலைக் கழுவி வச்சிருக்கா. ரொம்ப நாளா. வெறும் தண்ணி இருக்கிற நேரம் அது. கொஞ்சம் ப்ளீச் விட்டு, அலசி, மறுபடி நல்ல தண்ணி நிரப்பி வச்சிட்டா யாருக்கும் தெரியாது.”

“நேத்து?”

டீச்சர் மூத்தவளைப் பார்த்தாள். மூத்தவள் தரையைப் பார்த்துச் சொன்னாள்.

“ஒரு முயலைக் கூட்டிட்டுப் போக சீக்கிரமே வரேன்னாங்க. அதனால மத்தியானமே வினிகரை விட்டுட்டேன்.”

“மூக்கடைப்பு. நெடி தெரியலை,” என்றான் ரேடியோ. “சார், நல்லது பண்றவங்க கதவைத் திறந்து வச்சுப் பண்ணணும்னு ஒரு சட்டம் போடுங்க. பாதி கேஸ் குறையும்.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் தொப்பியைக் கழற்றினார். யோசிக்கிறார் என்று அர்த்தம். அதே சமயம் அவர் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் காவலுக்கு விட்டிருந்த ஏட்டம்மா. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கூடத்தில் மெல்லும் சத்தம் மட்டும்.

“அந்தப் பொண்ணு கண் முழிச்சிடுச்சு. பேசுது. நீங்க சொன்னதுதான். தானே ஊத்தினேன், தப்பு என்னோடதுதான்னு சொல்லியிருக்கு.” அவர் போனைப் பைக்குள் போட்டார். “நல்ல வேளை.”

அச்சகக்காரர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். இருந்த இருப்பில் ஓவென்று அழுதார்.

“அப்படியே என்ன சொன்னாங்க சார்? வார்த்தை மாறாம,” என்றாள் டீச்சர்.

“வார்த்தையா? என்ன நடந்ததும்மான்னு ஏட்டம்மா கேட்டிருக்காங்க. ‘வினிகர் இருக்கறது தெரியாம நானே ப்ளீச் விட்டுட்டேன். அக்காகிட்ட நான் கேக்கவே இல்லை’ன்னு சொல்லியிருக்கு. போதுமா?”

“போதும்,” என்றாள் டீச்சர்.

போதவில்லை. இன்ஸ்பெக்டர் ஜீப் கிளம்பி, அச்சகக்காரர் தம்பிக்குப் போன் செய்ய வாசலுக்குப் போன பிறகும் அவள் அங்கேயே நின்றாள்.

“கிளம்பலாமா டீச்சர்? கேஸ் முடிஞ்சுது. கதை சுபம்,” என்றான் ரேடியோ.

“ஏட்டம்மா என்ன கேட்டாங்க?”

“என்ன நடந்ததுன்னு.”

“அக்காகிட்ட கேட்டியான்னு யாராவது கேட்டாங்களா?”

“இல்லை,” என்றான் ரேடியோ.

டீச்சர் முக்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மூத்தவள் இன்னும் அங்கேதான் இருந்தாள். விடுதலையானவள் முகமாக அது இல்லை.

“யாரும் கேக்காத கேள்விக்கு அவங்க ஏன் பதில் சொன்னாங்க?” என்றாள் டீச்சர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். “ஸ்பூன்ல அளந்து விடற பொண்ணு. மூக்கு வேலை செய்யலைன்னு அவளுக்கே தெரியும். வினிகர் விட்டா உப்புப் படிவுல குமிழ் குமிழா வரும். நேத்து அது கண்ணுல பட்டிருக்கும். சந்தேகம் வந்திருக்கும். சந்தேகம் வந்தா அவ என்ன பண்ணியிருப்பா?”

மூத்தவள் கழுவும் அறைக் கதவைப் பார்த்தாள்.

“நீங்க கண் அசரலை. முயலைக் கூட்டிட்டுப் போக வரவங்களுக்காக முழிச்சிட்டிருந்தீங்க. இதே முக்காலியில. அந்தக் கதவு இங்கேர்ந்து கை நீட்டினா தொடுற தூரம்.”

மூத்தவள் தன் வீங்கிய விரலை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டா,” என்றாள்.

ரேடியோ திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

“நான் மாடியிலேர்ந்து இறங்கி வந்து உட்கார்ந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கணும். ‘அக்கா’ன்னு கூப்பிட்டா. உள்ளேர்ந்து. ஜட்ஜ்கிட்ட இல்லை, நேரா என்னையே. ‘அக்கா, இது வெறும் தண்ணிதானே?’ன்னா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. என் தொட்டியில இவளுக்கு என்ன வேலை, எதையோ கெடுக்க வந்திருக்கான்னு நினைச்சேன். ஆனா அதுகூட இல்லைங்க. அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு நினைச்சேன்.”

“என்ன?”

“அவ முதல்ல பேசிட்டான்னு.” மூத்தவள் வாய் கோணியது. “ஒரு வருஷமா யார் முதல்ல பேசறதுன்னு இருந்தோம். அவ இறங்கி வந்துட்டா, நான் ஜெயிச்சிட்டேன். இன்னொரு தடவை கூப்பிடட்டும், அப்பப் பேசலாம்னு உட்கார்ந்திருந்தேன். நல்லா நிமிர்ந்து உட்கார்ந்தேன், அதுகூட ஞாபகம் இருக்கு. அவ கூப்பிடலை. இருமத்தான் செஞ்சா.”

இந்த வீட்டில் பதில் வரவில்லையென்றால் சரி என்று அர்த்தம். ஒரு வருஷப் பழக்கம். உள்ளே இருந்தவள் அந்தப் பழக்கத்தை நம்பித்தான் ஸ்பூனைச் சாய்த்திருக்கிறாள்.

“நான் சும்மா இருந்தா சரின்னு எடுத்துப்பான்னு எனக்குத் தெரியும்,” என்றாள் மூத்தவள். “தெரிஞ்சும் அந்த நேரத்துல அது நினைப்புல வரலை. இதை யார் நம்புவாங்க?”

“நான் நம்பறேன்.”

“இப்பப் பாருங்க, அவளே பொய் சொல்லிட்டா. மூச்சு விட முடியாமக் கிடக்கிறவ, முதல் வேலையா எனக்காகப் பொய் சொல்லியிருக்கா.”

“சட்டப்படி நீங்க இதை யார்கிட்டயும் சொல்லணும்னு இல்லை,” என்றாள் டீச்சர். அப்படிச் சொல்ல வேண்டியது தன் கடமை என்று நினைத்தாள். சொன்னதும் தன் குரலே தனக்குப் பிடிக்கவில்லை.

மூத்தவள் எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். “எந்த ஆஸ்பத்திரின்னு எனக்கு யாரும் சொல்லலை. கூட்டிட்டுப் போறீங்களா?”

காரில் அச்சகக்காரர் முன் இருக்கையிலிருந்து இரண்டு தடவை திரும்பி மனைவியைப் பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியாது. வழியில் பழம் வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள்.

ஆஸ்பத்திரியில் நீளமான தாழ்வாரம். தரையைத் துடைத்திருந்தார்கள். டீச்சருக்கு அந்த நீச்சல் குள நெடி என்னவென்று தெரியும். மூத்தவளுக்கும் தெரிந்தது. ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அறை வாசலில் தம்பி நின்றான். தாடி மண்டிய முகம். அண்ணியைப் பார்த்ததும் வழியை மறிக்கவில்லை. நேற்று எழுதிக் கொடுத்ததற்குக் கூச்சப்படுகிறவனாகத் தலையைக் குனிந்துகொண்டான்.

“அண்ணி, நான் அவசரப்பட்டுட்டேன். இவளே சொல்லிட்டா, உங்ககிட்ட எதுவும் கேக்கலைன்னு. நான்தான் புத்தி கெட்டுப் போய்...”

“கேட்டா,” என்றாள் மூத்தவள்.

“என்ன?”

“அவ என்கிட்ட கேட்டா. வெறும் தண்ணிதானேன்னு. எனக்குக் காதுல நல்லா விழுந்துச்சு. நான்தான் வாயைத் திறக்கலை.”

தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நர்ஸ்கூட நின்று பார்த்தாள். தம்பியின் முகம் முதலில் எதுவும் விளங்காமல் இருந்தது. பிறகு விளங்கியது.

“வெளியில போங்க,” என்றான்.

“டேய், அண்ணிடா...” என்று அச்சகக்காரர் முன்னால் வந்தார்.

“நீயும் போண்ணா. ரெண்டு பேரும் என் கண்ணு முன்னாடி நிக்காதீங்க. ஒரு வார்த்தைண்ணா! இல்லைன்னு ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல இவங்களுக்கு என்ன கேடு?”

அவன் உள்ளே போய்விட்டான். பின்னால் தள்ளிவிட்ட கதவு பாதியில் நின்றது. அச்சகக்காரர் மனைவியைப் பார்த்தார். அவர் கேட்க நினைத்ததைக் கேட்காமல் தாழ்வாரத்தின் மறுகோடிக்குப் போய் ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டார்.

மூத்தவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓரமாக, எழுந்திருக்கத் தயாராக இருப்பவள் போல.

“வீட்டுக்குப் போகலாம்மா. ரெண்டு நாள் போகட்டும், ஆறிடும்,” என்றான் ரேடியோ. அவனுக்கே அது தேறாத பேச்சாகப் பட்டது.

“நீங்க போங்க தம்பி. நான் இருக்கேன்.”

“உள்ள விட மாட்டாங்களே?”

“பரவாயில்லை. உட்கார்ந்திருக்கேன்.”

டீச்சர் ரேடியோவின் கையைத் தொட்டாள். இருவரும் படிக்கட்டை நோக்கி நடந்தார்கள். பாதியில் அவள் நின்றாள். உள்ளேயிருந்து தம்பியின் குரல், அதட்டலும் கெஞ்சலுமாக. “பேசாதேன்னு டாக்டர் சொன்னார்ல? மாஸ்க்கைக் கழற்றாதே. யாரும் இல்லை வெளியில. படு.”

அதற்கு மேல் ஒரு குரல். குரல் என்று சொல்ல முடியாது. கிழிந்த காற்று.

“அக்...”

“இருக்கேன்டி,” என்றாள் மூத்தவள், அந்தச் சொல் முடிவதற்குள். பெஞ்சிலிருந்து எழுந்து, பாதி திறந்த கதவைப் பார்த்து, தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி. “இங்கதான் இருக்கேன். சொல்லு.”